மகெரேத்தா அம்மையாரின் வியாழக்கிழமைப் பாய்

ஜெபத்தோடு இக்கூட்டத்தைத் தொடங்கிவைத்த போதகர் அவர்களே, தலைமை ஏற்றிருக்கும் வுனிசெய் ஊர்த் தலைவர் அவர்களே, தலைநகரிலிருந்து மழையோடு மழையாக வந்து சேர்ந்திருக்கும் நலத்துறை மேலதிகாரி அவர்களே, பாய்க்கட்டுகளோடும் சேம்பங்கிழங்குக் கட்டுகளோடும் படகில் வந்திறங்கிய வைதுனா ஊர் உறவினர்களே, வியாழக்கிழமைதோறும் அம்மையாரோடு உட்கார்ந்த தாய்மார்களே, அவர்களைக் கூட்டிவந்துவிட்டு வாசலுக்கு வெளியே நிற்கும் கணவன்மார்களே, உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது. உங்கள் அனைவரையும் கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். இசிகேலி. வுனிசெய்க்காரன். இந்த மாவட்டத்தின் நல அலுவலகத்தில் மகெரேத்தா சௌலேவு அம்மையாருக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். மேலதிகாரி என்பது நாற்காலியின் உயரத்தைக் குறிக்கும் சொல். அவர் பெரும்பாலும் பாயில் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பட்டத்துக்கு இடையூறு வரவில்லை.

பேசுவதற்கு முன் தலைநகர் விருந்தினருக்கு ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கிழவனுக்குத் துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைப்பார். ஐயா, எங்கள் வுனிசெய்யும் அம்மையார் பிறந்த வைதுனாவும் தௌவு முறை. இரண்டு ஊரின் முன்னோரும் ஒரே தெய்வத்தின் பிள்ளைகள் என்பது வழிவழிப் பேச்சு. தௌவு ஒருவரை ஒருவர் என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது. எதை எடுத்தாலும் திருப்பிக் கேட்கக் கூடாது. அவர்கள் எங்களை நண்டு என்பார்கள். நாங்கள் அவர்களை விலாங்கு என்போம். எங்கள் முற்றத்தில் அவர்கள் கோழி பிடித்தால் நாங்கள் சிரித்துக்கொண்டே கயிறு எடுத்துக் கொடுக்க வேண்டும். தௌவில் ஒருவர் இறந்தால் அந்தத் துக்க வீட்டில் அவரைக் கேலி செய்வது மற்றவரின் கடமை. அழுதுகொண்டு செய்யலாம். செய்யாமல் இருக்கக் கூடாது.

ஆகவே கடமையைத் தொடங்குகிறேன். மகெரேத்தா அம்மையாருக்குச் சமைக்கத் தெரியாது.

வைதுனாக்காரர்கள் தலையாட்டுகிறார்கள், நன்றி. தேங்காய்ப்பாலைத் திரிய வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அலுவலகத்தில் டின் மீனும் மரவள்ளிக்கிழங்கும் மட்டுமே சாப்பிட்டார், இரண்டையும் வேறு யாரோ செய்திருந்த காரணத்தால். கூட்டங்களில் தூங்கினார். தலைநகரில் நடந்த ஒரு பயிற்சியில் முதல் வரிசையிலேயே குறட்டை விட்டார். எழுப்பியபோது, "நான் கண்ண மூடிக்கிட்டுதான் ஒத்துக்குவேன்" என்றார். அவர் பாடினால் தேவாலயத்தில் மற்றவர்கள் சுருதி மாறிவிடுவார்கள். அந்தத் தேவாலயத்தில் போன ஞாயிறு எல்லோரும் சரியான சுருதியில் பாடினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் நான் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நண்பர்களே, அந்தத் தப்பான சுருதிக்கு நான் எங்கே போவேன்?

நான் இன்று பேச வந்தது ஒரு பாயைப் பற்றி. தபால் நிலையத்தின் பக்கத்தில், ஈரப்பலா மரத்தடியில், பண நாளான வியாழக்கிழமை விரிக்கப்பட்ட பாய். அடுத்த மாதத்திலிருந்து உதவித்தொகை கைபேசி வழியாக வரும் என்று உத்தரவு வந்துவிட்டது. விரித்தவரும் போய்விட்டார். இனி அந்தப் பாய் விரியுமா, சுருட்டியபடியே கிடக்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நான் இந்த மண்டபத்தை விட்டுப் போகப் போவதில்லை. நீங்களும் போக முடியாது, மழை விடவில்லை.

அந்தப் பெரும்புயலை யார் மறந்திருப்பீர்கள்? கூரைகள் கரும்புத் தோட்டத்தில் கிடந்தன, கரும்பு கடலில் கிடந்தது. நாம் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தபோது உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. பணம் வீட்டுப் பெண்ணின் பெயரில்தான் வரும் என்றார்கள். காரணத்தையும் எழுதி அனுப்பினார்கள். பெண்ணின் கையில் பணம் இருந்தால் வீட்டில் அவளுக்கு விழும் அடி குறையும், பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்தாகிவிட்டது என்று. நான் அதை அலுவலகத்தில் உரக்க வாசித்தேன். அம்மையார் கண்ணை மூடிக் கேட்டார். ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

அது பொய்யில்லை. அதை இந்தச் சபையில் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாவும் மண்ணெண்ணெயும் இருந்து, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு யார் முன்னும் நிற்க வேண்டாம் என்றானபோது, எத்தனையோ வீடுகளில் குரல் தணிந்தது. கவலை குறைந்த மனிதன் கையை ஓங்குவதும் குறைந்தது. அந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வேறு சில வீடுகளும் இருந்தன. சண்டைக்குக் காரணம் இல்லாமல் போனதே அங்கே காரணமாயிற்று.

அது எங்கே தொடங்கியது? நம் யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைச் சுற்றித்தான். மாலையில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து குடிக்கிறார்கள். ஒருவன் சொல்வான், "டேய், உன் பொண்டாட்டி சர்க்காரக் கட்டிக்கிட்டாளாமே. அப்ப நீ அந்த வீட்டுல யாரு?" இன்னொருவன் சொல்வான், "வாடகைக்கு இருக்கான். மாசாமாசம் அவ கையில குடுத்துடணும்." வட்டம் முழுவதும் சிரிக்கும். கேலிக்கு ஆளானவனும் சிரிப்பான். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவான். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல அவனுக்கு வட்டத்தில் வாய் வராது, வீட்டில் கை வரும்.

இதை எந்த ஆராய்ச்சியாளரும் எங்களுக்கு எழுதி அனுப்பவில்லை. அவர்களை யாரும் யங்கோனாவுக்கு அழைக்காததுதான் குறை.

மகெரேத்தா அம்மையார் என்ன செய்தார்? கண்டன ஊர்வலம் நடத்தினாரா? சுவரொட்டி ஒட்டினாரா? சுவரொட்டி வந்தது. அதன் பின்பக்கத்தில் அவர் மளிகைக் கணக்குப் போட்டார். அவர் செய்தது ஒன்றுதான். பணம் வாங்கும் பெண்கள் வாங்கியவுடன் போய்விடக் கூடாது, பாயில் உட்கார்ந்து எலுமிச்சை இலைத் தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு விதி போட்டார். அது சர்க்கார் விதி என்றே எல்லோரும் நம்பினார்கள். நானும்தான். விதிப் புத்தகத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பிரிவுல வருது?" என்று கேட்டேன்.

"பாயில வருது. வந்து உக்காரு நண்டு, உனக்கும் ஒரு டம்ளர் இருக்கு" என்றார்.

தேநீர் ஊற்றியதும் ஒரு கதை சொல்வார். எப்போதும் ஒரே கதை. அந்தக் கதையின் நாயகன் நான். இந்தச் சபையில் அதைக் கேட்காதவர் விருந்தினர் ஒருவர்தான் என்பதால் அவருக்காகச் சொல்கிறேன். புயலுக்குப் பின் பாலம் போய்விட்டது. நானும் அம்மையாரும் ஆற்றைக் கடக்கிறோம். நான் சப்பாத்துகளைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தலைமை அலுவலகச் சுற்றறிக்கையை நனையாமல் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அதன் முக்கியத்துவத்தை விளக்கியபடியே நடந்தேன். விளக்கம் பாதியில் நின்றது. பள்ளம். மற்றதை அவர் குரலில்தான் சொல்ல வேண்டும், என் குரலில் அது வெறும் விபத்து. "நண்டு முழுகிருச்சு. ஒரு கை மட்டும் வெளிய தெரியுது, அதுல காகிதம். எதக் காப்பாத்தறது? நான் காகிதத்தப் புடிச்சேன். அதுலதானே கையெழுத்து இருக்கு! கரைக்கு வந்து திரும்பிப் பாக்கறேன், நண்டு இன்னும் விளக்கிக்கிட்டு இருக்கு, தண்ணிக்கு அடியில."

சிரியுங்கள். துக்க வீட்டில் சிரிக்க இன்று அனுமதி உண்டு, தௌவு முறைப்படி அது கட்டாயம்கூட. போதகர் அவர்களே, நீங்களும்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதே கதை. பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் தபால் நிலைய வாசலில் கோப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இத்தன வருஷமா ஒரே கதைய ஏன் சொல்றே? வேற கதையே இல்லையா உன்கிட்ட?" என்று கேட்டேன். அவர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சிரிக்காமல் சொன்னார்.

"உன்னப் பாத்து சிரிக்காத பொம்பள இந்த மாவட்டத்துல கிடையாது. அப்படி ஒருத்தி சிரிக்கலன்னா அவளுக்கு விலாவுல வலின்னு அர்த்தம். விலாவுல அடி பட்டவளால சிரிக்க முடியாது, இசிகேலி. சிரிக்கத் தொடங்குவா, நிறுத்திக்குவா, கை தானா அங்க போகும். கன்னத்துல அடிச்சா ஊர் பாக்கும்னு அவனுங்களுக்குத் தெரியும். அதான் அங்க அடிக்கறானுங்க."

என்னை இசிகேலி என்று அவர் அழைத்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து நானும் பாயைப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது வரிசையை. அவர் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். ஆனால் மறுநாள் காலையில் சிரிக்காத பெண்ணின் வீட்டு முற்றத்தில் நிற்பார். வுனிசெய்யில் அவருக்குத் தடையே இல்லை, தௌவு அல்லவா? கோழியைப் பிடிப்பார். பிடித்தபடியே வீட்டுக்காரனை, அவன் கூட்டாளிகள் கேட்கும்படி, சந்தோஷமாக விசாரிப்பார். "ஏ நண்டு, கை வலிக்குதா? ராத்திரி பூரா வேலையாமே. சர்க்கார்கிட்ட சொல்லி உனக்கும் ஒரு உதவித்தொகை வாங்கித் தரட்டா?" மற்ற ஆண்கள் சிரிப்பார்கள். முறைப்படி அவனும் சிரித்தாக வேண்டும். எந்தச் சிரிப்பு அவனை அடிக்க அனுப்பியதோ, அதே சிரிப்பை அவர் திருப்பி அவன் வாசலில் கொண்டுவந்து வைத்தார். அடுத்த வாரம் யங்கோனா வட்டத்தில் பேச்சு மாறியது. "விலாங்கு உங்க வீட்டுக்கு வந்துச்சாமே?" என்று கேட்டால் போதும், ஒரு மனிதன் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

எல்லா வீட்டிலும் இது பலித்ததா? இல்லை. கோழி போனால் போகட்டும் என்று இருந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்ட பெண்மணியின் அனுமதி பெற்றுத்தான் சொல்கிறேன். பெயரை மாற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? எல்லாருக்கும் தெரியும். மாத்தினா இன்னொருத்தின்னு நினைச்சு அவளையும் சேத்துப் பேசுவாங்க" என்றார் கெலேரா.

கெலேரா எங்கள் ஊர் ருசியாத்தேயின் மனைவி. ருசியாத்தே எனக்குப் பங்காளி முறை. நல்ல மீன்பிடிகாரர், தேவாலயத்தில் நல்ல குரல். ஒரு வியாழக்கிழமை ஆற்றுக் கதை நடந்துகொண்டிருந்தபோது கெலேரா சிரிக்கவில்லை. தேநீரையும் குடிக்கவில்லை, டம்ளரை உயர்த்த முடியவில்லை. அம்மையார் மறுநாள் வரை காத்திருக்கவில்லை. அன்றே அலுவலக வண்டியில் ஏற்றி, மருத்துவமனையில் காட்டி, வேறு ஊரிலிருந்த கெலேராவின் தகப்பனார் அபிசாய் வீட்டில் கொண்டுபோய் விட்டார். வண்டியை ஓட்டியவன் நான்.

பிறகு என்ன நடக்கும் என்று இந்தச் சபைக்குச் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் வீட்டார் கயிறு கோத்த திமிங்கலப் பல்லோடு வருவார்கள். பல்லை இரு கைகளிலும் ஏந்திப் பெண்ணின் தகப்பனார் முன் மன்னிப்புக் கேட்பார்கள். அவர் அதைத் தொட்டு வாங்கிவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும். பெண் துணியை மூட்டை கட்ட வேண்டியதுதான். கெலேராவுக்கு அது முன்பே நடந்திருக்கிறது, ஒரு முறை அல்ல. அபிசாய் கெட்டவரா? இல்லை. மகளைப் பார்த்து அழுதவர். ஆனால் நீட்டிய பல்லை மறுத்தால் இரண்டு ஊருக்கும் பகை, தம்பிகளுக்குப் பெண் கிடையாது, சாவுக்கு ஆள் வராது. வாங்காமல் இருக்க அவருக்கு வழி இல்லை. உள்ளறையில் கெலேரா மூட்டையைக் கட்டத் தொடங்கிவிட்டதாகப் பின்னால் சொன்னார். இன்னொரு அடிக்குத் தன் உடம்பு தாங்காது என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்.

அம்மையார் வாசலோரத்தில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பெரியவர் நீண்ட பேச்சை முடித்தார். "பையன் தப்புப் பண்ணிட்டான். இதை ஏத்துக்கிட்டுப் பொண்ண அனுப்பி வைங்க" என்று பல்லை நீட்டினார். அபிசாய் கை நீட்டினார்.

இப்போது விருந்தினர் கவனிக்க வேண்டும். அபிசாய் தொட்டுவிட்டால் அந்தப் பல் அபிசாயுடையது. தொடும் வரை அது வுனிசெய்யின் சொத்து. வுனிசெய்யின் சொத்தில் யார் கை வைக்கலாம்?

வாயில் கிழங்கோடு எழுந்து வந்தார். "அட, என் பல்லு! எங்கடா தொலைச்சோம்னு பாத்துக்கிட்டே இருந்தேன், நண்டுங்க தூக்கிட்டு வந்திருக்கீங்களா?" என்றார். பெரியவரின் கையிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

எங்கள் பெரியவர் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? முறை. அவர் சிரித்ததும் எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். ருசியாத்தேயும் சிரித்தார், பார்க்கச் சகிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் பெரியவர் மெல்லச் சொன்னார், "தௌவு, போதும், குடுத்துடு. காரியம் பாதியில நிக்குது."

"கேக்கக் கூடாதே" என்றார் அம்மையார். "உனக்காகச் சொல்றேன். வேணும்னா அவனையே வியாழக்கிழமை பாய்க்கு வரச் சொல்லு. பொம்பளைங்க முன்னாடி உக்காந்து கேக்கட்டும்."

எல்லோரும் அபிசாயைப் பார்த்தார்கள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அதை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். அவர் அதிகம் பேசாத மனிதர். "பல்லு வாங்காம நான் எப்படிப் பொண்ண அனுப்பறது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

அவையோரே, நான் பல சட்டங்களை வாசித்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றுகூட அந்தப் பிற்பகலில் அபிசாயின் வாய்க்கு வந்ததைப் போல் ஒரு பெண்ணுக்குக் கதவாக நின்று நான் பார்த்ததில்லை.

வண்டியில் அம்மையார் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கழுத்தில் பல். "அவங்க சிரிக்காம விட்டிருந்தா என்ன பண்ணியிருப்பேன்?" என்றார்.

"ஓடியிருப்பே."

"இந்த உடம்ப வெச்சிக்கிட்டா? நீதான் தூக்கியிருக்கணும். அப்புறம் உனக்கு யாரு இரங்கல் கூட்டம் போடறது?"

எனக்கு அவர்தான் பேசுவதாக இருந்தது. நான் வயதில் மூத்தவன். என்னை எப்படியெல்லாம் கிழிக்கப் போகிறார் என்று யோசித்து வைத்திருப்பதாகப் பலமுறை மிரட்டியிருக்கிறார். அதைக் கேட்க முடியாது என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது இருந்த வருத்தம். எவ்வளவு சிறிய வருத்தம் அது!

ருசியாத்தே வருவதற்கு ஒரு வருடமாயிற்று. பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். பெண்கள் அவரைத் தேநீர் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினார். பிறகு பல்லைக் கேட்டார். அம்மையார் சொன்னார், "பல்லு என்கிட்ட இருக்கு. பதில் அவகிட்ட இருக்கு. அங்க கேளு." அவர் கெலேராவைப் பார்த்தார். அதற்குள் கெலேரா உதவித்தொகையில் ஓர் அடுப்பு வாங்கி, பேருந்து நிலையத்தில் பன் விற்றுக்கொண்டிருந்தார். "வரல" என்றார். அவ்வளவுதான். பாயில் ஒருவரும் சிரிக்கவில்லை. ருசியாத்தே தேநீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். கோபத்தோடு போகவில்லை, அதற்கு அங்கே இடமில்லை, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று நமக்குத் தேநீரோடு வரப்போகும் பன் கெலேரா சுட்டது. சமைக்கத் தெரிந்த ஒருவரையாவது அம்மையார் காப்பாற்றினார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். நல்ல பெண்மணி, நல்ல குடை. திட்டத்தின் எந்தக் கூறினால் அடி குறைந்தது என்று கேட்டார். அம்மையார், "தேநீர்" என்றார். அந்தப் பெண்மணி எழுதிக்கொள்ளவில்லை. அறிக்கையில் 'துணைச் செயல்பாடுகள்' என்று ஒரு வரி வந்தது. அந்தத் துணைச் செயல்பாடுகளைச் சிக்கனம் கருதிக் குறைக்கலாம் என்று அடுத்த வரி.

இடையில் நிதி தீர்ந்து ஒரு வருடம் பணம் வரவில்லை. பணம் நின்றால் பெண்கள் வர மாட்டார்கள் என்று நான் கோப்பில் எழுதினேன். வியாழக்கிழமை வந்தது, அவர்களும் வந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, தேநீர் குடிக்காவிட்டால் சர்க்கார் கோபிக்கும் என்றார்கள். அந்த வருடம் பழையபடி அடி திரும்பிய வீடுகளும் இருந்தன. ஆனால் பாய்க்கு வந்த பெண்கள் அதைத் தனியாகத் தாங்கவில்லை. அடித்தவனுக்கும் அது தெரிந்திருந்தது. பணம் கதவைத் திறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. பணம் இல்லாவிட்டால் எந்தக் கணவன் அவர்களை வெளியே அனுப்பியிருப்பான்? திறந்த கதவு வழியாக எங்கே போவது என்பதற்குத்தான் அந்தப் பாய்.

இப்போது கைபேசி. பெண்கள் அலைய வேண்டாம், பேருந்துக் கட்டணம் மிச்சம் என்கிறது உத்தரவு. நல்லெண்ணம், அதில் சந்தேகமில்லை. விருந்தினர் அவர்களே, வுனிசெய்யில் வீட்டுக்கு ஒரு கைபேசி இருக்கிறது. அது யாருடைய சட்டைப் பையில் இருக்கிறது என்று வாசலில் நிற்பவர்களைத் தட்டிப் பாருங்கள்.

இதை எதிர்த்துத்தான் அம்மையார் கடைசி மாதங்களில் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை நோய் ஒரு காலைக் கொண்டுபோயிருந்தது. "ஒத்தச் செருப்பு மிச்சம் இருக்கு, உனக்கு வேணுமா, நண்டுக்குத்தான் நிறைய கால் ஆச்சே" என்றார். நான் பதிலுக்கு ஏதோ சொல்லித் தோற்றேன். கடைசியாகப் பார்த்த அன்று சாளரத்தின் பக்கம் திரும்பியிருந்தார். மெல்லிய குரலில், "வியாழக்கிழமை யாரு விரிப்பா?" என்றார்.

நான் விரிக்கிறேன் என்றேன்.

"விரிச்சுடுவே. உனக்குச் சிரிக்க வெக்கத் தெரியாதே."

உண்மைதானே? இத்தனை வருடம் நான் சிரிப்புக்குப் பொருளாக இருந்தேனே தவிர, யாரையும் சிரிக்க வைத்ததில்லை. அன்று வீடு திரும்பும்போது அந்த ஆற்றைக் கடந்தேன். இப்போது பாலம் இருக்கிறது. பாலத்தின் நடுவில் நின்று அந்தக் கதையை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவர் குரல் வரவில்லை. நான் முழுகிய இடம் தெரிந்தது. கரையில் காகிதத்தோடு நின்று திரும்பிப் பார்த்தவரை மட்டும் காணவில்லை.

இனி என் வாக்குறுதி. இன்று காலை அம்மையார் வீட்டுக்குப் போய், அவர் தங்கையின் கண்முன்னால் அந்தப் பாயைச் சுருட்டி எடுத்து வந்துவிட்டேன். தௌவு எடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. இந்த மேடைக்குக் கீழே இருக்கிறது. பணம் கைபேசிக்கு வரட்டும், காற்றில் வரட்டும். வியாழக்கிழமை ஈரப்பலா மரத்தடியில் பாய் விரியும். தேநீர் குடிக்காதவர்களுக்குச் சர்க்கார் விதிப்படி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பயந்துகொண்டே வாருங்கள். விருந்தினர் அவர்களே, தலைமை அலுவலகம் இதற்கு அனுமதி தர வேண்டியதில்லை. பார்க்காமல் இருந்தால் போதும். அதில் உங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.

சிரிக்க வைப்பதைப் பொறுத்தவரை, முயன்று பார்த்தேன். சற்று முன்னால் ஆற்றுக் கதையைச் சொன்னபோது இந்த மண்டபம் சிரித்தது. நான் உங்களைச் சிரிக்கச் சொன்னதும் அதற்காகத்தான். எல்லோரும் சிரித்தபோது நான் சிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கத்தால் சிரிக்காதவர்களைத் தெரியும், அவர்கள் வாயைப் பொத்துவார்கள். ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்திக்கொண்டார். கை விலாவுக்குப் போயிற்று.

யார் என்று சொல்ல மாட்டேன். எந்த வரிசை என்றும் சொல்ல மாட்டேன். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

வுனிசெய்யில் கோழி பிடிக்க எனக்கு உரிமை இல்லை, நான் அந்த ஊர்க்காரன். ஆனால் வைதுனாவிலிருந்து ஒரு படகு நிறைய விலாங்குகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். துக்கம் முடியும் வரை இங்கேதான் இருப்பார்கள். அவர்களை இந்தச் சபையின் முன் கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலையில் வுனிசெய்யின் எல்லா வீட்டுக்கும் போங்கள், ஒன்றைக்கூட விடாதீர்கள். கோழியைப் பிடியுங்கள். வீட்டுக்காரரின் கையைப் பற்றி அன்போடு விசாரியுங்கள். வாசலில் நிற்கும் சகோதரர்களே, கயிறு எடுத்து வையுங்கள்.

மகெரேத்தா, விலாங்கே! இவ்வளவு நேரம் உன்னைத் திட்டியிருக்கிறேன். உன் சமையலை, உன் பாட்டை, உன் குறட்டையை. ஒரு வார்த்தைக்குக்கூட நீ பதில் சொல்லாமல் விட்டதில்லையே. சபை காத்திருக்கிறது. நானும் நின்றுகொண்டிருக்கிறேன்.

சரி. வியாழக்கிழமை சொல்.